'வித்தியாசம் இல்லை' என்று எழுதும் முன்

ஆய்வறிக்கை சமர்ப்பிக்கும் காலம் வந்தால் மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் மாணவர்கள் தரவுகளோடு என்னிடம் வருவார்கள். கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முடிவுரையில்தான் அந்த வரி நிற்கும்: "சூனியக் கருதுகோள் ஏற்கப்படுகிறது. எனவே வித்தியாசம் இல்லை." சூனியக் கருதுகோள் என்பது, ஒப்பிடும் இரண்டுக்கும் இடையே வித்தியாசமே இல்லை என்று ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளும் எடுகோள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் 10 வயல்துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கிப் பார்த்து 5 துண்டுகளுக்கு யூரியாவோடு கூட்டெருவும், மற்ற 5க்கு யூரியா மட்டும் இடுகிறோம். அறுவடையில் கூட்டெரு இட்டவை ஏக்கருக்குச் சராசரியாக 3 மூடை கூடத் தருகின்றன. இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் பி-பெறுமானம் (இதன் பொருளைக் கீழே சொல்கிறேன்) 0.18; வழக்கமான எல்லையான 0.05ஐவிடப் பெரிது. ஆக, 'கூட்டெருவால் விளைச்சல் மாறவில்லை' என்ற சூனியக் கருதுகோளை 5% மட்டத்தில் நிராகரிக்க முடியாது. "அப்ப கூட்டெரு வேலை செய்யல்ல எண்டுதானே சேர்?" என்பார்கள். இல்லை. அதே தரவுக்கு 95% நம்பிக்கை ஆயிடையை, அதாவது தரவோடு ஒத்துப்போகும் வித்தியாசங்களின் வீச்சை, கணித்தால் 1.7 மூடை குறைவதிலிருந்து 7.7 மூடை கூடுவது வரை நீள்கிறது. பூச்சியம் அதற்குள் இருக்கிறது. விவசாயியின் கடனைக் குறைக்கக்கூடிய 7 மூடையும் அதற்குள்தான் இருக்கிறது. 'நிராகரிக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை' என்று எழுதி, இந்த ஆயிடையையும் பக்கத்தில் போடுங்கள். 'பயனில்லை' என்ற வார்த்தை வயலுக்குப் போய்விட்டால் திருப்பி எடுப்பது கடினம்.

பாடும் மீன்களின் ஓசை கேட்பதாகச் சொல்லப்படும் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஓரிரவு நின்றுவிட்டு, பாடும் மீன் கேட்கவில்லை என்று ஒருவர் வந்து சொன்னால் நம்மூரில் என்ன கேட்போம்? பௌர்ணமியா, தோணியில் போய்த் துடுப்பில் காதை வைத்துக் கேட்டீர்களா, எவ்வளவு நேரம் இருந்தீர்கள்? ஆய்வு முடிவையும் அப்படித்தான் கேட்க வேண்டும். மேலே சொன்ன அளவு ஏற்ற இறக்கம் உள்ள வயலில் உண்மையாகவே 3 மூடை வித்தியாசம் இருந்தாலும், 5க்கு 5 துண்டுகள் வைத்தால் நான்கில் ஒரு தடவைதான் சோதனை அதைப் பிடிக்கும். 80% வாய்ப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறத்தாழ 20 துண்டுகள் தேவை.

அப்புறம் அந்த 0.18. சூனியக் கருதுகோள் உண்மையாயிருக்க 18% வாய்ப்பு என்று பலர் வாசிக்கிறார்கள். வித்தியாசமே இல்லாத வயலிலும் இவ்வளவோ இதைவிடப் பெரிய இடைவெளியோ தற்செயலாக வரும் வாய்ப்பைத்தான் அது சொல்கிறது. இந்தக் குழப்பத்தை அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016இல் அறிக்கை விட்டே எச்சரித்தது. சூனியக் கருதுகோள் என்ற பெயரைத் தந்த புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷரும், அதை நிறுவவே முடியாது, பொய்ப்பிக்க மட்டுமே முடியும் என்று 1935இலேயே எழுதிவிட்டார். அவர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பயிர்த் தரவுகளோடு பல ஆண்டுகள் இருந்தவர்.

பெரும்போகத்தில் பரிசோதனை வைக்க இருப்பவர்கள் விதைப்புக்கு முன்பே வாருங்கள். எத்தனை மூடை கூடினால் உங்கள் விவசாயிக்கு அது பெறுமதி என்பதை அவரிடமே கேட்டுக்கொண்டு வாருங்கள். துண்டுகளின் எண்ணிக்கையை அதிலிருந்து கணிப்போம்.