கதவடைப்பு

தொழிலாளிகள் வேலை செய்யத் தயார், நிர்வாகம்தான் உள்ளே விட மறுக்கிறது. இதுதான் கதவடைப்பு. 'லாக்-அவுட் போட்டுட்டாங்க' என்று ஆலைப் பக்கம் சொல்வது இதைத்தான்.

வேலைநிறுத்தம் தொழிலாளியின் ஆயுதம். அதற்கான ஸ்டிரைக் என்ற ஆங்கிலச் சொல் கப்பலில் பிறந்தது. 1768இல் லண்டனில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள் பாய்களை இறக்கிக் கப்பல்களை நகரவிடாமல் செய்தார்கள். பாயை இறக்குவதை மாலுமிகள் குறித்த சொல்லே போராட்டத்துக்கும் பெயரானது. தமிழில் வேலைநிறுத்தம், பணிநிறுத்தம் இரண்டும் வழங்குகின்றன. இலங்கைப் பத்திரிகைகளில் பணிப்பகிஷ்கரிப்பு.

கதவடைப்போடு பலர் குழப்பிக்கொள்வது கடையடைப்பை. கடையடைப்பைக் குறிக்கும், குஜராத்தியிலிருந்து வந்த ஹர்த்தால் என்ற சொல்லில் ஒரு பாதி கடை, மறுபாதி பூட்டு. கடையடைப்பில் வியாபாரி எதிர்ப்பைக் காட்டத் தன் கடையைத் தானே பூட்டுகிறார். கதவடைப்பில் முதலாளி பூட்டுவது அடுத்தவர் பிழைப்பை.

சென்னைக்கு இது பழைய கதை. 1920இல் பெரம்பூர் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு நடந்தது. அதோடு விடாமல் நிர்வாகம் நஷ்டஈடு கேட்டு, சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது வழக்கும் போட்டது. சங்கம் நடத்தியதற்கு வழக்கா என்று எழுந்த கேள்வி, 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வர ஒரு காரணம்.

கதவு என்று சொன்னாலும் நிஜமாகவே ஒரு கேட்டைப் பூட்ட வேண்டும் என்பதில்லை. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம், வேலையிடத்தைத் தற்காலிகமாக மூடுவதோடு, வேலையை நிறுத்திவைப்பதையும், வேலையில் இருப்பவர்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள மறுப்பதையும் கதவடைப்பில் சேர்த்தது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில், சம்பள உச்சவரம்புத் தகராறில் அணி முதலாளிகள் அறிவித்த கதவடைப்பால் 2004-05 சீசனின் 1,230 ஆட்டங்களும் நடக்கவில்லை. கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் மீதும் முதலாளிகளுக்கு அதே ஆயுதம்தான்!

சரி, செய்தியில் 'ஆலை மூடல்' என்று எழுதினால் என்ன குறை? குறைதான். மூடல் என்பது நிரந்தரம். வேலையே போய்விடும், கணக்கு முடித்து இழப்பீடு தருவார்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பொதுவாக, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமாக இருந்தது. கதவடைப்பில் வேலை உறவு அறுவதில்லை. பேச்சுவார்த்தை முடிந்தால் அதே ஆட்கள் அதே ஷிப்டுக்குத் திரும்பலாம். பூட்டிக் கிடந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பது, பூட்டியது நியாயமா என்பதைப் பொறுத்தது.