பத்தாவது அணிக்கு ஊர் தேடும் கணக்கு

"கனடா ஃபுட்பால் லீகில் 9 அணிகள்தான். பத்தாவது அணிக்கு நாற்பது வருடமாக ஊர் தேடுகிறார்களாம். இவ்வளவு பெரிய நாட்டில் ஓர் ஊர் கூடவா கிடைக்கவில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. இதற்குள் பள்ளிக்கூட வடிவியல், வகுத்தல் கணக்கு, கான்கிரீட் செலவு மூன்றும் இருக்கின்றன.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. உலகக் கோப்பையில் பார்க்கும் கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அமெரிக்க ஃபுட்பாலுக்கு நெருங்கிய உறவு, ஆனால் பக்கத்துக்கு 12 பேர், 10 யார்டு முன்னேற மூன்றே முயற்சி. மேற்கே வான்கூவர், கல்கரி, எட்மண்டன், ரெஜைனா, வினிபெக் என 5 அணிகள். கிழக்கே ஹாமில்டன், டொராண்டோ, ஒட்டாவா, மொன்றியல் என 4. ஒவ்வொரு அணிக்கும் 18 ஆட்டம், முடிவில் 1909 முதல் நடந்துவரும் கிரே கோப்பை இறுதிப்போட்டி.

முதலில், பத்தாவது அணி எதற்கு? அட்டவணை போடுவதில் வரும் சிக்கல் 9 என்ற எண்ணிலேயே இருக்கிறது. ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்து, அதன்மேல் சம இடைவெளியில் 9 புள்ளிகள் வையுங்கள். உச்சியில் 9, அங்கிருந்து வலமாக 1 முதல் 8 வரை. இப்போது எதிரெதிரே இருக்கும் புள்ளிகளைப் படுக்கைக் கோடுகளால் இணையுங்கள்: 1-8, 2-7, 3-6, 4-5. முதல் வாரத்தின் நான்கு ஆட்டங்கள் தயார். உச்சியில் இருக்கும் 9-க்கு ஜோடி இல்லை, அந்த அணிக்கு ஓய்வு. அடுத்த வாரம் 1 உச்சிக்கு வரும்படி வட்டத்தைத் திருப்பினால் 9-2, 8-3, 7-4, 6-5. இப்போது 1 உட்காருகிறது. இப்படி ஒன்பது முறை திருப்பினால் எல்லா அணியும் மற்ற எல்லா அணியோடும் ஒரே ஒரு முறை மோதியிருக்கும். ஒரு ஜோடி கூட விடுபடாது, ஒரு ஜோடி கூட இரண்டு முறை வராது.

ஏன் இவ்வளவு கச்சிதம்? கூட்டிப் பாருங்கள். முதல் வாரத்தில் எல்லா ஜோடியின் கூட்டுத்தொகையும் 9. இரண்டாம் வாரத்தில் எல்லாமே 11, அதை 9-ஆல் வகுத்தால் மீதி 2. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தனி மீதி உண்டு. எந்த இரண்டு அணிகளை எடுத்தாலும் அவற்றின் கூட்டுத்தொகைக்கு ஒரே ஒரு மீதிதான் இருக்க முடியும். ஆகவே அவை சந்திக்கும் வாரமும் ஒன்றே ஒன்றுதான். ஓய்வெடுக்கும் அணி எது தெரியுமா? தன்னையே தன்னோடு கூட்டினால் அந்த மீதியைத் தருவது. இரண்டாம் வாரத்தில் 1+1=2, அதனால் ஓய்வு 1-க்கு. அதாவது அந்த அணிக்கு அந்த வாரம் தன்னோடுதான் ஆட்டம்!

இப்போது வட்டத்தின் நடுவில் பத்தாவது புள்ளி ஒன்றை வையுங்கள். யார் உச்சியில் தனித்து நிற்கிறாரோ, அவரோடு நடுப்புள்ளி மோதும். அவ்வளவுதான். மற்ற கோடு ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம். வாரத்துக்கு நான்காக இருந்த ஆட்டம் ஐந்தாகிறது. ஒன்பதே வாரத்தில் ஒரு முழுச் சுற்று, யாருக்கும் கட்டாய ஓய்வு இல்லை. போட்டி அட்டவணை போடுகிறவர்களுக்குப் பழகிப்போன உத்திதான் இது. ஆனாலும் விட்டுப்போனவரோடு விளையாடவென்றே ஒருவர் வந்து நடுவில் நிற்கும் அந்த அழகு ஒவ்வொரு முறையும் பரவசம் தருகிறது.

இதை லீகின் எண்களில் போட்டுப் பார்ப்போம். 9 அணி, தலா 18 ஆட்டம் என்றால் மொத்தம் 81. வாரத்துக்கு நான்குக்கு மேல் நடத்த முடியாது. 20 வாரத்தில் 80 ஆட்டம்தான் அடங்கும். மிச்சமிருக்கும் அந்த ஒரே ஓர் ஆட்டத்துக்காக 21-ஆவது வாரம் தேவைப்படுகிறது. அணிக்கு மூன்று ஓய்வு வாரம் விழுவது இதனால்தான். அதோடு 8 எதிரணிகளோடு தலா இரண்டு முறை மோதினால் 16 தான் வரும். மீதி இரண்டை யாரோடு போடுவது என்பதில் ஒருவருக்கு வலுவான எதிரி, இன்னொருவருக்கு எளிய எதிரி என்று ஏற்றத்தாழ்வு வந்துவிடுகிறது. 10 அணி என்றால் 9 எதிரணிகள், உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று, சரியாக 18. மொத்தம் 90 ஆட்டம், குறைந்தபட்சம் 18 வாரம். உடம்பு அடிபடும் ஆட்டம், ஓய்வு அவசியம். அணிக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் 19, இரண்டு கொடுத்தால் 20. நவம்பர் குளிரில் ஒரு வாரம் குறைந்தாலும் லாபம்தான். தொலைக்காட்சிக்கு விற்க 9 ஆட்டம் கூடுதலாகவும் கிடைக்கும்.

நிஜ அட்டவணை இவ்வளவு சுத்தமாக இருக்காது. டொராண்டோவும் வான்கூவரும் தங்கள் மைதானத்தைக் கால்பந்து அணிகளோடு பங்கிடுகின்றன. செப்டம்பர் தொழிலாளர் தின வாரத்தில் ரெஜைனாவும் வினிபெக்கும் மோதியே ஆக வேண்டும். இப்படி ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருக்கும் அட்டவணையில் ஒற்றைப்படை எண் இன்னொரு முடிச்சு.

பத்தாவது அணி கிழக்கில்தான் வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான்கு. இந்தக் கிழக்கு-மேற்குச் சமநிலைக்காக அதிகம் அலைக்கழிந்த ஊர் வினிபெக். 1996-க்குப் பின் ஒட்டாவா அணி கலைந்தது, வினிபெக்கைக் கிழக்குக்கு மாற்றினார்கள். 2002-இல் ஒட்டாவா திரும்பியது, வினிபெக் மேற்குக்குப் போனது. 2006-இல் மறுபடி ஒட்டாவா இல்லை, வினிபெக் கிழக்கு. 2014-இல் மூன்றாவது ஒட்டாவா அணி வந்ததும் மீண்டும் மேற்கு. இரண்டு முறை கலைந்ததும் ஒட்டாவாவை ராசியில்லாத ஊர் என்று சொல்லிவிடுவது எளிது. ராசிக்கு இதில் வேலையே இல்லை. முதலாளிகளிடம் தாக்குப்பிடிக்கும் பணம் இல்லை, மைதானத்தின் தெற்குக் கேலரியிலோ கான்கிரீட் விரிசல் விட்டு, 2008-இல் ஒரு பகுதியை இடிக்க வேண்டியிருந்தது. மைதானத்தைச் சுற்றிக் கடைகளும் வீடுகளுமாகப் புதுப்பித்து, சுமார் 24,000 இருக்கையோடு திறந்தார்கள். 2016-இல் அதே ஊர் கிரே கோப்பையை வென்றது.

சரி, எந்த ஊர்? மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஓர் அணிக்கு வருடத்தில் 9 உள்ளூர் ஆட்டம். மைதான இருக்கையை ஒன்பதால் பெருக்கி, அதை மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். ரெஜைனாவில் 2017-இல் திறந்த மைதானத்தில் சுமார் 33,000 இருக்கை, ஆக வருடத்துக்கு 2,97,000 டிக்கெட். 2021 கணக்கெடுப்பில் ரெஜைனா பெருநகரின் மக்கள்தொகையே 2,49,217. மக்களைவிட டிக்கெட் அதிகம்! ஊரை மட்டும் வைத்தால் தலைக்கு 1.2 டிக்கெட், 11 லட்சத்து 32 ஆயிரம் பேர் கொண்ட சஸ்காச்சுவான் மாகாணத்தையே சேர்த்தால் 0.26. அந்த அணியின் பெயரிலும் ஊர் இல்லை, மாகாணம்தான் இருக்கிறது. தனி முதலாளியும் இல்லை, சமூகத்தின் சொத்து. 260 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சஸ்காட்டூனிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இதே கணக்கை 24,000 இருக்கைக்குப் போட்டால் 2,16,000 டிக்கெட். கிழக்குக் கரையில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் பெருநகருக்கு (4,65,703 பேர்) தலைக்கு 0.46, கடினம். நோவா ஸ்கோஷியா மாகாணம் முழுக்க வந்தால் 0.22, அதாவது சஸ்காச்சுவானைவிடச் சுமை குறைவு. ஹாலிஃபாக்ஸிலிருந்து பக்கத்து மாகாணத்து ஊரான மாங்க்டன் ஏறக்குறைய 260 கிலோமீட்டர்தான், சஸ்காட்டூன் தொலைவேதான். ஆனால் தொலைவிலிருந்து ஆட்டம் பார்க்க வரும் பழக்கம் ரெஜைனாவில் பல தலைமுறையாக ஊறியது, ஹாலிஃபாக்ஸில் முதல் நாளிலேயே வந்துவிடாது. கியூபெக் நகரத்துக்கு (8,39,311 பேர்) ஊரை மட்டும் வைத்தே 0.26. ஹாமில்டன் இருக்கும் அதே ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனரும் லண்டனும் ஐந்து லட்சத்தைத் தாண்டிய ஊர்கள்தான், ஆனால் ஹாமில்டனின் ரசிகர்களைப் பிய்த்துத்தான் அங்கே அணி வளர முடியும். ஆக எஞ்சுவது ஹாலிஃபாக்ஸும் கியூபெக் நகரமும்.

அடுத்தது மைதான அளவு. பலர் கவனிக்காத இடம் இது. கனடா ஆடுகளம் 110 யார்டு நீளம், இரு முனையிலும் 20 யார்டு எண்ட் ஸோன் (பந்தோடு நுழைந்து புள்ளி எடுக்கும் பகுதி), ஆக 150 யார்டு, 137 மீட்டர். அகலம் 65 யார்டு, 59.4 மீட்டர். 400 மீட்டர் ஓட்டப்பாதை உள்ள மைதானத்துக்குள் இது அடங்குமா? வழக்கமான பாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் 59.4 மீட்டர் அகலச் செவ்வகம் உள்ளே அடங்க நீளம் சுமார் 126.8 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 137 அடங்காது. எண்ட் ஸோனின் மூலைகள் ஓட்டப்பாதையில் ஏறிவிடும், அவற்றை வெட்ட வேண்டும் அல்லது பாதைமேல் செயற்கைப் புல் விரிக்க வேண்டும். 1990-களில் லீக் அமெரிக்காவுக்கு விரிந்தபோதும் இந்தப் பிரச்சினை வந்தது. மெம்ஃபிஸில் எண்ட் ஸோனைக் குறுக்கித்தான் ஆடினார்கள். அமெரிக்காவில் வேறொரு அடியும் விழுந்தது. செப்டம்பரில் கல்லூரி ஃபுட்பால் தொடங்கியதும் பர்மிங்காமில் கூட்டம் கரைந்தது. 1995-இல் இருந்த ஐந்து அமெரிக்க அணிகளில் ஒன்று கூட அடுத்த வருடம் அங்கே இல்லை. 1995-இல் கிரே கோப்பையையே வென்ற பால்டிமோர், மொன்றியலுக்குக் குடிபெயர்ந்தது.

2025 செப்டம்பரில் லீக் ஓர் அறிவிப்புச் செய்தது: 2027 முதல் ஆடுகளம் 100 யார்டு, எண்ட் ஸோன் தலா 15. மொத்தம் 130 யார்டு, 118.9 மீட்டர். ரசிகர்களில் பலருக்குக் கோபம், அது நியாயமும்கூட. அகன்று நீண்ட களம்தான் இந்த ஆட்டத்தின் முகம். ஆனால் 126.8-க்குள் 118.9 அடங்கிவிடுகிறது, முனைக்கு நான்கு மீட்டர் மிச்சத்தோடு. ஊர் தேடுகிறவர்களுக்கு இது பெரிய கதவு.

பணம்தான் கடைசி, அதுதான் கனமானதும். ஹாலிஃபாக்ஸுக்கு 1982-இலேயே அனுமதி கொடுத்தார்கள், நிபந்தனையோடு. மைதானம் கட்டப் பணம் சேரவில்லை, அணி ஓர் ஆட்டமும் ஆடாமல் மறைந்தது. 2018-இல் மறுபடி முயன்றார்கள்: 24,000 இருக்கை, 17 முதல் 19 கோடி டாலர் மதிப்பீடு. நகர மன்றம் 2019 டிசம்பரில் நிபந்தனைகளோடு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் கொரோனா சீசனையே விழுங்கியது, திட்டமும் அதோடு நின்றது. மன்றம் கையை இறுக்கியதைக் குறை சொல்ல முடியாது. வருடத்தில் ஒன்பது நாள் பயன்படும் கட்டடத்துக்கு மக்கள் பணத்தைக் கொட்டினால் அது ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. கியூபெக் நகரம் சுமார் 37 கோடி டாலர் பொதுப்பணத்தில் ஹாக்கி அரங்கம் கட்டி 2015-இல் திறந்தது, எதிர்பார்த்த என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) அணி இன்னும் வரவில்லை. அதே ஊரின் லாவல் பல்கலைக்கழக அணி பல்கலைக்கழக ஃபுட்பாலுக்கான வானியர் கோப்பையை நாட்டிலேயே அதிக முறை வென்றது, ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த அணியின் மைதானத்தில் இருக்கைதான் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

மாங்க்டன் செய்தது நல்ல வழி. 2010 உலக ஜூனியர் தடகளப் போட்டிக்காகக் கட்டிய மைதானம் அது. நிரந்தர இருக்கை சுமார் 10,000, தேவைப்படும்போது தற்காலிகக் கேலரி போட்டு இரட்டிப்பாக்கலாம். லீக் ஆட்டங்கள் 2010, 2011, 2013, 2019 என நான்கு முறை அங்கே நடந்திருக்கின்றன. மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஊரில் இருப்பது 1,57,717 பேர்தான், தனியாக ஓர் அணியைச் சுமக்க முடியாது. ஆனால் ஹாலிஃபாக்ஸில் இதேபோல் ஓட்டப்பாதையோடு சிறிதாகத் தொடங்கி, மாகாணத்து மக்கள் வந்து பழகப் பழகக் கேலரியை ஏற்றிக்கொண்டு போகலாம். 2027 அளவுக் களம் அதற்குள் மூலை வெட்டாமல் பொருந்தும்.