சவூதி உலகக் கோப்பை வேலைக்குக் கிளம்புகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

2034 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்த விருப்பமா என்று ஃபிஃபா 2023 அக்டோபரில் ஆசிய, ஓசியானிய நாடுகளைக் கேட்டது. பதில் சொல்ல ஒரு மாதம்கூட அவகாசம் இல்லை. கடைசி நாளில் ஆஸ்திரேலியா ஒதுங்கிக்கொண்டது. களத்தில் நின்ற ஒரே நாடான சவூதி அரேபியாவுக்கு 2024 டிசம்பர் 11 அன்று போட்டி கிடைத்தது. அது கொடுத்த விண்ணப்பத்தில் ரியாத், ஜித்தா, அல் கோபார், அப்ஹா, நியோம் என 5 நகரங்களில் 15 அரங்குகள். அவற்றில் 11 அரங்குகள் புதிதாகக் கட்ட வேண்டியவை. பின்னணி இவ்வளவு போதும். அவற்றைக் கட்டப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சவூதியிலிருந்து திரும்பிய ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் ஒரு பாலித்தீன் கவரோடு என்னிடம் வந்தார். உள்ளே இரண்டு ஒப்பந்தங்கள். ஊரில் கையெழுத்து வாங்கிய ஆங்கிலத் தாளில் மாதச் சம்பளம் 1,500 ரியால், சாப்பாடு கம்பெனி பொறுப்பு. சவூதியில் இறங்கிய மூன்றாம் நாள் விரல் ரேகை வைத்த தாள் அரபியில் இருந்தது. படிக்கத் தெரிந்தவரிடம் காட்டினோம். சாப்பாட்டுப் படி உட்பட 900 ரியால். ஊதா மை ரேகை தெளிவாக இருந்தது. "என்ன எழுதியிருக்குன்னு கேட்டேங்க, ஃபார்மாலிட்டின்னாங்க" என்றார். சவூதித் தொழிலாளர் சட்டப்படி அரபி வாசகம்தான் செல்லும். 900 ரியால் சம்பளமா என்று கேட்டால், வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சட்டம் போட்ட குறைந்தபட்சக் கூலி அங்கே இல்லை. கத்தாரில் 2021 மார்ச் முதல் 1,000 ரியால் என்று ஒன்று உண்டு. அதை நினைத்துக்கொண்டு சவூதிக்குப் போகாதீர்கள்.

"உலகக் கோப்பை புராஜெக்ட்" என்ற சொல்லை நம்பாதீர்கள்

இந்தப் பெயரைப் போட்டே இனி விசா விற்பார்கள். கத்தார் கதையைப் பார்த்தால் காரணம் புரியும். 2010இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா எல்லாவற்றையும் முந்திக் கத்தார் 2022 போட்டியை வாங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும், ஏஜென்டிடம் கட்டிய பணத்தைத் தொழிலாளிக்கே திருப்பித் தரும் ஏற்பாடு ஒன்று வந்தது. ரசீது கேட்கவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் போட்டியை நடத்தக் கத்தார் அமைத்த உச்சக் குழுவின் ஒப்பந்ததாரர்களிடம் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும். அதே போட்டிக்காகச் சாலை போட்டவரும் ஓட்டல் கட்டியவரும் அந்தக் குடைக்குள் வரவில்லை. பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு 44 கோடி டாலர் ஒதுக்குங்கள் என்று மனித உரிமை அமைப்புகள் 2022இல் ஃபிஃபாவைக் கேட்டன. 2024 இறுதியில் ஃபிஃபா அறிவித்தது 5 கோடி டாலர். அதுவும் சர்வதேச நிறுவனங்களின் திட்டங்களுக்குப் போனது, தொழிலாளி கைக்கு வரவில்லை.

சவூதி விண்ணப்பத்திலும் தொழிலாளர் நலன் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் வழக்கில் அந்தப் பக்கங்களை யாரும் புரட்டப் போவதில்லை. உங்கள் விசாவில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது, தொழில் என்று என்ன எழுதியிருக்கிறது, இந்த இரண்டையும்தான் பார்ப்பார்கள். வேலை பார்க்கும் அரங்கின் பெயர் ஒன்று, உங்கள் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) ஏதோ ஒரு ஆள் சப்ளை கம்பெனி என்றால், சம்பளத்துக்குப் பொறுப்பு அந்த சப்ளை கம்பெனி. அரங்கு வேலை நின்றால் "சைட் இல்லை, சம்பளம் இல்லை" என்று கேம்பில் உட்கார வைப்பார்கள். சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 62ஆம் பிரிவு வேறு சொல்கிறது: வேலைக்குத் தயாராக வந்த ஆளுக்கு முதலாளி தரப்புக் காரணத்தால் வேலை இல்லாமல் போனால், கூலி உண்டு. கேம்பில் உட்கார்ந்த நாட்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

எந்த விசா என்பதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்

2021 மார்ச் 14 முதல் சவூதியில் ஒரு சீர்திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு, முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்துக் கஃபீல் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்றாலோ, இறங்கி மூன்று மாதமாகியும் ஒப்பந்தம் கணினியில் ஏறவில்லை என்றாலோ, இக்காமா (அங்கே தங்குவதற்கான அட்டை) காலாவதியானாலோ ஒரு வருடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இதைச் சொல்லித்தான் ஏஜென்ட் ஆசை காட்டுவார். அவர் சொல்லாமல் விடுவது இது: வீட்டு டிரைவர், வீட்டு வேலை, தோட்ட வேலை, ஆடு மேய்க்கும் வேலை ஆகிய விசாக்களுக்கு இந்தச் சீர்திருத்தம் பொருந்தாது. அந்த விசாக்கள்தான் மலிவாகவும் சீக்கிரமாகவும் கிடைக்கும். "முதல்ல இதுல ஏறிடு தம்பி, போய் புராஜெக்ட்டுக்கு மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். வீட்டு விசாவில் போனவர் கட்டட வேலையில் அடிபட்டால், அந்த இடத்தில் அவருக்கு வேலையே இல்லை என்றுதான் பதிவேடு சொல்லும்.

ஃப்ரீ விசாவும் இதே குழிதான். அப்படி ஒரு விசாவே சட்டத்தில் கிடையாது. யாரோ ஒருவர் பெயரில் விசா, வேலை வேறொருவரிடம், நடுவில் கஃபீலுக்கு மாதாமாதம் காசு. 39ஆம் பிரிவின்படி இது குற்றம். மாட்டினால் நாடு கடத்துவார்கள். விசிட் விசா அதைவிட மோசம். வேலை ஒப்பந்தமே இல்லாததால் தொழிலாளர் நீதிமன்றப் படி ஏறவும் கையில் எதுவும் இருக்காது.

ஊரில் கட்டும் பணம்

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை, அதாவது வேலைக்கு வெளிநாடு போகும் முன் அரசு சரிபார்க்க வேண்டிய வகை. சவூதி, கத்தார் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்களுக்கு எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்ற அரசு அனுமதி வேண்டும். அது இந்திய அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாக நடக்கும். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது கட்டாயம்.

நடப்பது வேறு. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு 30,000க்கு மட்டும் ரசீது எழுதுவார்கள், அல்லது ரசீதே தராமல் "ஊருக்கு வந்து தர்றேன்" என்பார்கள். விசாக் காசு, இக்காமாக் காசு என்று தனியாகக் கேட்பார்கள். சவூதிச் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஆள் எடுக்கும் செலவு, இக்காமா, வேலை அனுமதி, அவற்றைப் புதுப்பிக்கும் செலவு, தாமத அபராதம் எல்லாவற்றையும் முதலாளி தலையில்தான் வைக்கிறது. எனவே கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ போடுங்கள். வாங்க மறுத்தால், அதற்குக் காரணம் அவரிடம்தான் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் தளத்தில் அதே பெயரும் அதே முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய ஏஜென்சியின் எண்ணைக் காட்டி வசூல் செய்யும் சப்ஏஜென்ட்டுக்கு உங்கள் ஊர் டீக்கடைதான் ஆபீஸ். பணம் போன பிறகு அந்த ஏஜென்சி, "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

ஏமாந்தவர்கள் புகார் கொடுக்கப் போகும்போது நடப்பதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காவல் நிலையத்தில், "இது எமிகிரேஷன் விஷயம், சென்னைக்குப் போங்க" என்பார்கள். சென்னை எமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போனால், "பதிவு இல்லாத ஏஜென்ட், போலீஸ்தான் பார்க்கணும்" என்பார்கள். பஸ் செலவே இரண்டாயிரம் ஆன பிறகு மனிதர் சோர்ந்துவிடுவார். இந்த வாசகத்தைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: 1983ஆம் ஆண்டு எமிகிரேஷன் சட்டப்படி பதிவில்லாமல் ஆள் எடுப்பது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம், 27ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரோ, அவருடைய தாய், தந்தை, மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் மத்திய அரசின் முன் அனுமதி தேவையில்லை. "டெல்லி பர்மிஷன் வேணும்" என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். மனு ஏற்புச் சீட்டு வாங்குங்கள்.

இன்சூரன்சில் இருக்கும் ஓட்டை

ஈ.சி.ஆர். காரர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். பாலிசித் தாளை ஏஜென்ட் தன்னிடமே வைத்துக்கொள்வார். அதன் நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

இதில் மரண இழப்பீட்டுக்குக் கணக்கு விபத்து மட்டும். வெயிலில் கம்பி கட்டிவிட்டு இரவு கேம்பில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றால், சான்றிதழில் "இயற்கை மரணம்" அல்லது "மாரடைப்பு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லில் இந்தப் பாலிசியும் போகிறது, அங்கே வேலை விபத்து இழப்பீடும் போகிறது. வெளிநாட்டுத் தொழிலாளிக்காகக் கம்பெனி கோசி என்ற சவூதி அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்புக்குச் சம்பளத்தில் 2 சதவீதம் வேலை விபத்துக் காப்பீடாகக் கட்டியிருக்கும். கட்டியிருந்தும் பயன் இருக்காது. உடலைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் குடும்பத்திடம் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். "எந்த இழப்பீடும் கோர மாட்டோம்" என்ற வரி அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அறைத் தோழர்களிடம் அன்று எத்தனை மணி வரை வேலை நடந்தது, மயக்கம் வந்ததா என்று கேட்டு, குரல் பதிவாகவாவது அன்றே வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் வேறு கேம்பில் இருப்பார்கள்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணி முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. வாங்கினால் 19911 என்ற தொழிலாளர் துறை எண்ணில் சொல்லலாம். காலை 11 மணி வெயிலுக்கு இந்த விதியில் பாதுகாப்பு கிடையாது.

இறங்கிய முதல் வாரம்

கிவா என்ற சவூதி அரசின் தொழிலாளர் தளத்தில்தான் உங்கள் ஒப்பந்தம் இருக்கும். கம்பெனி ஏற்றியதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம், திருத்தம் கேட்கலாம். உள்ளே நுழைய அப்ஷர் என்ற அரசுச் சேவைத் தளத்தில் கணக்கும், ஆளை உறுதிசெய்யும் நஃபாத் செயலியும் வேண்டும். எல்லாம் ஒரு சிம் எண்ணில் தொங்குகின்றன. கம்பெனி ஆள், "நான் பார்த்துத் தர்றேன்" என்று போனை வாங்கி ஓ.டி.பி.யைப் போட்டு ஏற்றுக்கொண்டுவிடுவார். அதன் பிறகு அது உங்கள் சம்மதம். சிம்மை உங்கள் பெயரில் வாங்குங்கள். போனைக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளவும் கம்பெனிக்கு உரிமை இல்லை. "பாதுகாப்புக்காக நானே ஒப்படைத்தேன்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

அடிப்படைச் சம்பளம் தனியாக எத்தனை என்று பாருங்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், கூடுதல் மணி ஒவ்வொன்றுக்கும் மணிக் கூலியோடு அந்த மணிக்குரிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி சேர வேண்டும். "12 மணி நேரம், மொத்தம் இவ்வளவு" என்று எழுதிவிட்டால் அந்தப் பாதி காணாமல் போகும்.

பிரச்சினை வந்த பின்

சம்பளம் நின்றதும் கேம்பை விட்டு ஓடாதீர்கள். ஓடினால் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி அறிவித்துவிடும். அதன் பிறகு வேறு இடத்துக்கு மாறவோ எக்ஸிட் (நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி) வாங்கவோ 60 நாள்தான். அதுவும் தாண்டினால் ஹுரூப், அதாவது ஓடிப்போனவர் என்ற பதிவு. முதலில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். பிறகு ஹுரூப் போட்டாலும், அது பழிவாங்கல் என்று காட்ட உங்கள் தேதி முன்னால் இருக்கும். புகார் முதலில் சமரசப் பிரிவுக்குப் போகும். 21 வேலை நாளில் தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம்.

2024இல் சம்பள இன்சூரன்ஸ் ஒன்று வந்தது, 17,500 ரியால் வரை. ஆனால் கம்பெனி ஆறு மாதம் சம்பளம் தராமல் இருக்க வேண்டும். அதுவும் 80 சதவீதத் தொழிலாளர்களுக்கு. உங்கள் ஒருவருக்கு மட்டும் நிறுத்தினால் இது உதவாது. ஆறு மாதம் பசியோடு காத்திருந்தால்தான் தகுதி என்று விதி எழுதியவர்கள், ஊருக்கு அனுப்பும் பணத்தில் வட்டி கட்டும் குடும்பத்தை நினைக்கவில்லை.

கிளம்பும் நாளில் கணக்கு முடித்த தாளை நீட்டுவார்கள். முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று பணிக்கொடை உண்டு. நீங்களே ராஜினாமா செய்தால் இரண்டு வருடத்துக்குள் ஒன்றும் கிடையாது, ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் ஆளை அனுப்பும்போது ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டால்தான் டிக்கெட் என்று மிரட்டினால், விமானம் ஏறும் முன் இந்தியத் தூதரகத்தில் ஒருவர் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிவிட்டு வாருங்கள். ஊரிலிருந்தும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் (MADAD) என்ற புகார்த் தளத்தில் புகார் போடலாம். கம்பெனி பெயரை இக்காமாவில் அரபியில் உள்ளபடியே கேட்பார்கள். இக்காமாவின் படம் வீட்டுப் போனில் இல்லை என்றால் புகார் அங்கேயே நிற்கும்.

வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பாலித்தீன் கவரோடு வந்தாரே, அவருக்கு ஏழு மாதச் சம்பள பாக்கி. ஏஜென்ட் ஒவ்வொரு மாதமும், "அடுத்த மாசம் வந்துடும், கேஸ் போட்டா வராது" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் என்னிடம் வந்தது பதினான்காம் மாதம்.