சுறாவுக்கும் தொப்புள் உண்டு

மீன் ஏலக்கூடத்தில் குட்டிச் சுறா ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் நெஞ்சுப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். "என்ன சார் தேடுறீங்க?" என்றார் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா. தொப்புள் என்றேன். "மீனுக்கு ஏது சார் தொப்புள்?" என்று சிரித்தார்.

எல்லா மீனுக்கும் இல்லைதான். பால்சுறாவுக்கு உண்டு. இரண்டு பக்கத் துடுப்புகளுக்கு நடுவே சின்னக் கீறல்போல இருக்கும். பிறந்து சில வாரங்கள்வரை ஆறாத புண்ணாகத் தெரியும், பிறகு மெல்ல மறையும். கடல் உயிரியல் படித்துவிட்டு மீன் இறங்குதளங்களில் அலையும் எங்களுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

பால்சுறா முட்டையைக் கடலில் விடுவதில்லை. இரண்டு கருப்பைகளுக்குள் கரு வளர்கிறது. முதலில் மஞ்சள் கருவே உணவு. அது தீரத் தீர, அந்த மஞ்சள் கரு இருந்த பையே கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறிவிடும். அப்புறம் தாயின் உடம்பிலிருந்துதான் ஊட்டம். இந்தியக் கடலில் இன்னொரு சிறு சுறா உண்டு, தட்டையான மூக்குக்காரன், குஜராத், மகாராஷ்டிரக் கரைகளில் ஏராளம். அதன் முட்டை வெறும் 1 மில்லிமீட்டர்தான். மஞ்சள் கருவே இல்லாத குறை, எல்லாமே அம்மா தர வேண்டும். எனக்கு இது இன்றும் வியப்பு.

பால்சுறாவின் கர்ப்பம் ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஈற்றுக்கு 1 முதல் 8 குட்டிகள், பெரும்பாலும் 2 முதல் 5. பெண் சுறா 70, 80 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகே பருவம் எய்தும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன்களுக்கு அது பெரிய உதவி. வருடம் முழுக்க வயிற்றில் சுமப்பவளுக்கு மிச்சப் பத்து மாதமும் வலைதான். வலையில் சிக்கிய அதிர்ச்சியில் நிறைமாதமாகாத குட்டிகளைப் படகின் தளத்திலேயே போட்டுவிடுவதும் உண்டு. அவை பிழைப்பதில்லை.

பால்சுறா என்ற பெயருக்குக் காரணம் நம் நம்பிக்கை. பச்சை உடம்புக்காரிக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். பூண்டு தட்டிப் போட்ட புட்டின் ருசியில் எனக்குச் சந்தேகமே இல்லை. பால் விஷயத்தில் உண்டு. சுறா இறைச்சியில் பாதரசம் சேரும் என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். அத்தைகளிடம் இதைச் சொல்லி நான் ஜெயித்ததில்லை.

இன்னொரு சிக்கல்: கடையில் "பால்சுறா" என்று கிடைப்பதெல்லாம் பால்சுறா அல்ல. வளர்ந்தால் இரண்டு, மூன்று மீட்டர் தாண்டும் இனங்களின் பிறந்த குட்டிகளும் அந்தக் கூடையில் கிடக்கும். வாங்குகிறவர்கள் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். புண் ஆறாமல் இருந்தால் வேறு மீன் வாங்குங்கள்.

அடுத்த முறை போனபோது அந்த அக்கா கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தனியே வைத்திருந்தார். ஒன்றரை அடிகூட இல்லை. "இதுக்குப் புண்ணே ஆறலை சார்." தலை இருபுறமும் சுத்தியல்போல் நீண்டிருந்தது. கொம்பன் சுறா.