"டிடி போட்டாச்சே டாக்டர், அப்புறம் ஏன் வீங்குது?"

ஆசிரியர் தினம் நெருங்கினால் என் கிளினிக்குக்கு ஊசி குத்திய விரல்கள் வரத் தொடங்கிவிடும். கெட்டி அட்டையை மடித்து வாழ்த்து அட்டை செய்து, அதன் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டுப் பூ, கொடி, அலை என்று பார்டர் போடுகிறார்கள் பிள்ளைகள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை.

இந்த வாரம் வந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் விரலைப் பார்த்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். அட்டையைத் துளைத்த காம்பஸ் முனை அப்படியே இடது ஆள்காட்டி விரலின் நடுவில் இறங்கியிருக்கிறது. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. அன்றே டிடி என்கிற டெட்டனஸ் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் விரல் பூவன் பழம்போல உப்பிப் பாதி மடங்கி நிற்கிறது. தொட விடாமல் அழுகிறாள். அம்மா கேட்ட கேள்விதான் மேலே தலைப்பு.

டிடி போடுவது டெட்டனஸ் என்ற ரணஜன்னியைத் தடுக்கத்தான். சீழ் பிடிப்பதை அது தடுக்காது. விரலில் சீழ் வைப்பது பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. அதற்கும் டிடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் "எதற்கும் ஒரு டிடி போட்டுவிடுங்கள்" என்பார்கள். போட்டதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயம்.

"புது ஊசிதான் டாக்டர், துருவே இல்லை" என்பது அடுத்தது. துருவால் டெட்டனஸ் வருவதில்லை. மண்ணிலும் தூசியிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி, காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் போய் வளர்வதால் வருகிறது. பளபளக்கும் ஊசியிலும் தூசி ஒட்டியிருக்கும்.

அப்புறம் அந்த "ஆறு மாதத்துக்கு ஒரு டிடி" கணக்கு! எந்தப் புண்ணியவான் தொடங்கிவைத்தாரோ. நம் அரசு அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் டெட்டனஸ் தடுப்பும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசி, ஒன்றரை வயதையொட்டியும் 5 வயதுக்கு மேலும் பூஸ்டர், பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று. இவற்றைத் தவறாமல் போட்ட பிள்ளைக்குச் சுத்தமான சிறு காயமென்றால், கடைசித் தவணை போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால்தான் மறுபடி தேவை. அழுக்கான அல்லது ஆழமான காயமென்றால் 5 ஆண்டு. தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள், ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். மாமாவும் சித்தியும் நினைவிலிருந்து சொல்லும் தேதிகள் எனக்கு உதவாது.

ஊசி குத்திய விரலில் நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. விரலை மடக்கும் நாணைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கிருமி அதற்குள் போய்விட்டால் விரல் முழுக்க ஒரே சீராக வீங்கும். தானாகவே சற்று மடங்கி நிற்கும். உள்ளங்கைப் பக்கமாக விரல் நெடுக அழுத்தினால் வலிக்கும். மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகும். சிகாகோ அறுவை மருத்துவர் ஆலன் கானவெல் பெயரில் வழங்கும் இந்த நான்கு அடையாளங்களைத்தான் இன்றும் நாங்கள் தேடுகிறோம். ஒன்று தெரிந்தாலும் அன்றே வாருங்கள், ராத்திரி என்று பார்க்காதீர்கள். முதல் நாளில் வந்தால் நரம்பு வழி ஆன்டிபயாடிக்கிலேயே அடங்கிவிட வாய்ப்புண்டு. தாமதித்தால் ஆபரேஷன் தியேட்டரில் உறையைத் திறந்து கழுவ வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அதுதான் நடந்தது. இனி விரல் முழுதாக மடங்குவதற்குப் பயிற்சி.

சரி, குத்தாமல் செய்வது எப்படி? முதலில், அட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு குத்தாதீர்கள். மேஜையில் தெர்மாகோலோ பழைய மவுஸ் பேடோ போட்டு, அதன்மேல் அட்டை, அதற்கும் மேல் கிளிப் மாட்டிய கிராஃப் தாள். புள்ளிகளுக்கு இடையே 3 மில்லிமீட்டராவது விடுங்கள், நெருக்கினால் அட்டை கிழியும். காம்பஸ் வேண்டவே வேண்டாம். அதன் மூட்டு அழுத்தத்தில் மடங்கும், துளையும் அசிங்கமாகப் பெரிதாக விழும். மரக் கைப்பிடி உள்ள குத்தூசி வாங்கிக்கொள்ளுங்கள். பலம் கொடுத்துக் குத்த வேண்டியிருந்தால் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள். குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். சிரித்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், எடுக்க மயக்கம் கொடுத்துக் குழாய் விட வேண்டும். முகத்தை அட்டைக்கு மேல் கவிழ்க்காதீர்கள். ஊசியை வெடுக்கென்று இழுக்கும் கை நேரே கண்ணுக்குத்தான் வருகிறது. கண்ணில் குத்திவிட்டால் தேய்க்காமல், கழுவாமல், சொட்டு மருந்து விடாமல் கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

விரலில் குத்தினால் வாயில் வைத்துச் சப்பாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். ஊசி முறிந்து உள்ளே நின்றால் தோண்டாதீர்கள், எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பார்க்கலாம். பேத்திக்கு உதவப்போய்க் குத்திக்கொள்ளும் சர்க்கரை உள்ள பாட்டிகள் மூன்றாம் நாள்வரை காத்திருக்கவே கூடாது. அவர்களுக்கு வலி குறைவாகத் தெரியும், கிருமி வேகமாகப் பரவும்.

ஆசிரியர்களே, உங்களுக்காகத்தான் இந்த அட்டைகள் தயாராகின்றன. வகுப்பு முழுக்க ஒரே ஊசியைக் கைமாற்ற விடாதீர்கள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் விரலுக்குப் போகும். சின்ன வகுப்புகளுக்கு ஊசியே வேண்டாம். ஓரத்தில் பூப்பூவாகத் துளை போடும் பஞ்ச் மிஷின் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிறது, வகுப்புக்கு இரண்டு வாங்கி வைத்தால் போதும்.