பழுது வேறு, பிழை வேறு

சர்வர் அறைப் பயிற்சிக்காகத் தமிழில் அச்சிட்ட தாள் ஒன்று போன வாரம் கைக்கு வந்தது. தலைப்பு: 'வன்பொருள் பிழையைக் கண்டறிந்து திருத்துதல்'. இதே தொடரை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது! ஹார்டுவேர் ஃபால்ட் என்பது வன்பொருள் பிழை அல்ல, வன்பொருள் பழுது.

பொறியியலில் ஃபால்ட், எரர், ஃபெயிலியர் மூன்றுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. மெமரிச் சில்லில் ஒரு செல், அதாவது ஒரு 0 அல்லது 1ஐ வைத்திருக்கும் சிற்றறை, கெட்டிருப்பது ஃபால்ட். 0 வர வேண்டிய இடத்தில் 1 வருவது எரர். அதனால் சர்வரே நின்றுபோவது ஃபெயிலியர். தமிழில் பழுது, பிழை, செயலிழப்பு.

பிழைத்தல் என்றால் தவறுதல், குறி தப்புதல். 'யானை பிழைத்த வேல்' என்கிறது குறள். யானைமேல் படாமல் போன வேல் அது. முனை மழுங்கியதாகப் பேச்சே இல்லை. பழுதோ பொருளிலேயே இருப்பது. பழுதான வண்டி என்போம். பிழையான வண்டி என்று யாரும் சொல்வதில்லை.

'அகராதியில் ஃபால்ட்டுக்குப் பிழை என்றும் போட்டிருக்கிறதே' என்று மொழிபெயர்ப்பாளர் நண்பர் ஒருவர் வாதாடினார். போட்டிருக்கிறது, சரி. அது 'என் பிழைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்னும் இடத்துக்கு உரியது. சில்லு யாரிடம் மன்னிப்புக் கேட்கும்? பழுதே இல்லாமலும் பிழை வரும். சில்லின் உறைப் பொருளிலிருந்து வெளிவந்த கதிரியக்கத் துகள்களால் பிட்கள், அதாவது 0, 1 என்னும் இலக்கங்கள், புரள்வதை இன்டெல் ஆய்வாளர்கள் 1978இல் காட்டினார்கள். அந்தச் சில்லுகளில் எதுவும் கெட்டிருக்கவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் இதை எப்படி விளக்குவது?

சொல் குழம்பினால் வேலையும் குழம்பும். டிடிஆர்4 என்னும் வகைச் சர்வர் மெமரியில் 64 பிட் தரவோடு 8 பிட் சரிபார்ப்பும் போகும். ஒரு பிட் மாறினால் சர்வர் தானே திருத்திக்கொண்டு, நடந்ததைக் குறித்துவைக்கும் லாக்கில் ஒரு வரி எழுதிவிடும். இரண்டு பிட் சேர்ந்து மாறினால் திருத்த முடியாது. நான் வேலை பார்த்த இடத்தில் அந்த வரியைத் தமிழில் 'நினைவகப் பிழை திருத்தப்பட்டது' என்று காட்டினார்கள். வரி சரிதான். ஆனால் பழுதுக்கும் பிழை என்றே படித்து வந்த புதுப் பையன், எல்லாம் முடிந்தது என்று லாக்கை அழித்துவிட்டான். சர்வரின் மஞ்சள் எச்சரிக்கை விளக்கும் அணைந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ஒரே நேரத்தில் இரண்டு பிட் மாறி, சர்வர் படுத்துவிட்டது. பிழைதான் திருந்தியிருந்தது, பழுது மெமரி மாட்டிய அதே ஸ்லாட்டில் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் 'பழுதுநீக்கல்' என்று ஒரு புதுச்சொல் வேறு. பழுதுபார்த்தல் என்று ஊரெல்லாம் பலகை தொங்கும்போது இது எதற்கு? அதில் உள்ள 'பார்த்தல்' வீண் சொல் அல்ல. வைத்தியம் பார்த்தல் என்பதில் வரும் அதே பார்த்தல். மெமரியைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் மாட்டிப் பார்க்கிறோம். பிழை அதோடு கூடவே போனால் மெமரியில் பழுது. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டையோ பிராசசரையோ பார்க்க வேண்டும். வேலையில் பெரும்பகுதி இந்தப் பார்ப்பதுதான். நீக்குவது இரண்டு நிமிடம்.

அந்தத் தாளில் 'வட்டு தோல்வி' என்றும் இருந்தது. தோல்வி என்பது போட்டியிலும் தேர்விலும் வருவது. ஹார்டு டிஸ்க் போயிடுச்சு என்றுதான் நாம் பேசுகிறோம். எழுத்தில் 'வட்டு செயலிழந்தது' போதும். அதையும் அடித்து, தலைப்பை 'வன்பொருள் பழுதுபார்த்தல்' என்று மாற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.