பேக்கப் பிளாட்பார்ம்: காப்பா, மாற்றா?

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டிடிபி கடை, கணினியில் பத்திரிகை அடித்துக் கொடுக்கிற கடை. முகூர்த்த மாதத்தில் ஒருநாள் கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்புகளும் பூட்டிக் கிடந்தன. திறக்கப் பணம் கேட்டது வைரஸ். "பேக்கப் இருக்கு" என்றார் கடைக்காரர். அதே கணினியில் எப்போதும் செருகியே இருந்த ஹார்ட் டிஸ்க்தான் அது. அதுவும் பூட்டிக்கொண்டது.

இப்படி ஒன்று முடங்கினால் வேலையைத் தொடர வைத்திருக்கும் இன்னொரு கணினித் தளத்தை 'பேக்கப் பிளாட்பார்ம்' என்கிறார்கள். தமிழில் அதற்கு என்ன சொல்? பின்னால் நின்று தாங்குவதுதான் 'பேக்கப்'. 'பிளாட்பார்ம்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். தட்டையான வடிவம் என்று பொருள். ரயிலடியில் நடைமேடை ஆனது, கணினியில் தளம் ஆனது. கணினியை இயக்குகிற விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிளின் மேக் எல்லாம் இயங்குதளங்கள்.

பேக்கப்புக்குத் தமிழில் 'காப்புநகல்' என்கிறோம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான சொல்தான். ஆனால் நகல் வேறு, தளம் வேறு. கோப்பு பத்திரமாக இருந்தும் அதைத் திறக்கிற கணினி படுத்துவிட்டால் வேலை நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பக்கத்தில் இன்னொரு விண்டோஸ் கணினி அதே மென்பொருளோடு இருந்தால் அதுவும் சேர்ந்தே விழுந்திருக்கும். லினக்ஸும் மேக்கும் அன்று ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அதனால் 'மாற்றுத்தளம்' என்பதே சரியான சொல் என்பேன். மாற்று என்றாலே வேறானது. பேக்கப் என்ற சொல்லில் அந்த நிபந்தனை இல்லை. காவிரிக்குக் கொள்ளிடம் இருப்பதுபோல. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் அது, தனி ஆறு, தனிப் போக்கு. காவிரியின் கரையையே இன்னும் இரண்டடி உயர்த்தி வைத்திருந்தால் அது மாற்று ஆகாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நம் வேலை அங்கே நடக்குமா என்பதுதான் முதல் கேள்வி. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருள் லினக்ஸுக்கென்று வந்ததே இல்லை; அதில் அடித்த கல்யாணப் பத்திரிகைகளை அங்கே அப்படியே திறக்க முடியாது. புது வேலைகளை எல்லாத் தளத்துக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் அடித்து, முடிந்ததை பிடிஎஃப் ஆகவும் வைத்துக்கொண்டால் இரண்டு தளத்திலும் திறக்கும். லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், செலவில்லை.

அப்புறம், மாற்றையும் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும். மாற்றும் தேவைப்படுகிற நேரத்தில் உடையலாம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் 2018 ஆகஸ்டில் உடைந்த 9 மதகுகள் கொள்ளிடப் பக்கத்து மதகுகள். மாதம் ஒருநாள் கடை முழுக்க லினக்ஸில் ஓடட்டும். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.